மாலையில் இறுக்கிய போல்ட் காலையில் ஏன் உடைந்தது?

சில வருடங்களுக்கு முன் கோவையில் ஒரு மெஷின் ஷாப்பில் பார்த்தது. பிரஸ் ஒன்றின் பக்கத் தகட்டில் ஆறு ஆலன் போல்ட் போட்டு, டார்க் ரெஞ்ச் வைத்து அளவாக இறுக்கிவிட்டு ஆட்கள் வீட்டுக்குப் போனார்கள். இரவு மெஷின் ஓடவில்லை. காலையில் வந்து பார்த்தால் இரண்டு போல்ட்டின் தலை மட்டும் தரையில் கிடந்தது. பளபளவென்று புதுத் துத்தநாகப் பூச்சு, ஒரு புள்ளி துரு கிடையாது. உடைந்த முகமோ கல்கண்டை உடைத்த மாதிரி பொடிப்பொடியாக மின்னியது.

ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். "மட்டமான சரக்குண்ணே" என்றார் ஃபிட்டர். "ஓவர் டைட்" என்றார் சூப்பர்வைசர். டீ குடிக்க வந்த பக்கத்து ஷாப்காரர் "மெட்டல் ஃபெட்டீக்" என்று முடித்துவிட்டார். ஃபெட்டீக் என்றால் சுமை ஏறி இறங்கி, ஏறி இறங்கி உலோகம் களைத்துப்போவது. நின்றுகொண்டிருந்த மெஷினில் எது ஏறி எது இறங்கும்?

உலோகம் திடீரென்று உடைந்தால் நாம் சொல்லும் காரணங்கள் பெரும்பாலும் இந்த மூன்றுதான்; நாலாவதாகத் துரு. இவற்றில் எதிலும் சேராத ஒரு குடும்பம் இருக்கிறது. அதில் சுற்றுப்புறமும் விசையும் கூட்டுச் சேர்ந்து, பார்வைக்கு நல்லபடியாக இருக்கும் உலோகத்தில் விரிசல் போடுகின்றன. அந்தக் குடும்பத்தின் முக்கியப் புள்ளி ஹைட்ரஜன். நம் போல்ட்டை உடைத்ததும் அதுதான்.

துரு வேறு, விரிசல் வேறு

துரு பிடிப்பதும் செம்பில் பச்சை பூப்பதும் அரிமானம். அதாவது, உலோகம் சுற்றியுள்ள தண்ணீர், காற்று, உப்பு இவற்றோடு வினைபுரிந்து கொஞ்சம் கொஞ்சமாகக் கரைவது. பாத்ரூம் சோப்பு தேய்வது மாதிரி. கண்ணுக்குத் தெரியும், கதவு கேட்டின் அடியில் விரலால் தட்டினால் பொரிந்து விழும், பல வருடம் எடுக்கும். சேதம் பெரிது, ஆனால் ஒளிவு மறைவு இல்லாத எதிரி.

விரிசல் அப்படியில்லை. அந்தச் சோப்பையே பிளேடால் ஓர் இடத்தில் கீறினால் எடை குறையாது, அளவு குறையாது, வளைத்தால் இரண்டாகிவிடும். ஒரு கைப்பிடி துருவாகக் கூட ஆகாத அளவு உலோகம் கரைந்தாலே ஒரு பெரிய தொட்டி பிளந்துபோகலாம். கரைவது மிகக் குறைவு. கரையும் இடம்தான் வினை.

துணிக்கடையில் பார்த்திருப்பீர்கள். இரண்டு மீட்டர் வெட்டக் கத்தரியால் ஓரத்தில் சின்னதாக ஒரு வெட்டு, அப்புறம் இரண்டு கையாலும் பிடித்து ஒரே இழு. சர்ரென்று நேர்கோட்டில் கிழியும். அந்த வெட்டு இல்லாமல் இழுத்தால் பயில்வானாலும் கிழிக்க முடியாது. வெட்டின் நுனியில் இருக்கும் ஒன்றிரண்டு இழைகள் மேல் முழு இழுப்பும் இறங்குவதுதான் காரணம். உலோகத்திலும் இதே கதைதான். விரிசலின் நுனியில் விசை பல மடங்காகக் குவிகிறது.

உலோகத்துக்குள் ஓர் இடத்தில் எவ்வளவு விசை எவ்வளவு பரப்பில் தாங்கப்படுகிறது என்பதைத் தகைவு என்கிறோம். அமுக்கும் தகைவு விரிசலை மூடும், இழுக்கும் தகைவு திறக்கும். இங்கே நமக்கு வேண்டியது இழுக்கும் தகைவு மட்டும்.

மூன்றும் கூடினால்தான்

இப்படி இழுவிசையும் அரிமானமும் கைகோத்துப் போடும் விரிசலுக்குத் தகைவு அரிமான விரிசல் என்று பெயர். இது வர மூன்று விஷயம் ஒரே இடத்தில் சந்திக்க வேண்டும்: அதற்கு இடங்கொடுக்கும் உலோகம், அந்த உலோகத்துக்கு ஒவ்வாத குறிப்பிட்ட சூழல், இழுக்கும் தகைவு. ஒன்றை விலக்கினால் போதும், விரிசல் வராது.

"குறிப்பிட்ட" என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும். பித்தளைக்கு அம்மோனியா ஆகாது. ஸ்டெயின்லெஸ் ஸ்டீலுக்கு உப்பில் இருக்கும் குளோரைடு ஆகாது. சாதாரண இரும்புக்குச் சூடான காரமும் (காஸ்டிக் சோடா மாதிரி) நைட்ரேட்டும் ஆகாது. ஒருவருக்குக் கத்தரிக்காய் சாப்பிட்டால் அரிப்பு, இன்னொருவருக்கு இறால். அந்த மாதிரி.

தகைவு என்றதும் பெரிய சுமை தொங்க வேண்டும் என்று நினைக்க வேண்டாம். தகட்டை வளைத்தாலோ, வெல்டிங் வைத்தாலோ, துளைக்குள் அடித்து இறுக்கினாலோ அந்த விசையில் ஒரு பங்கு உலோகத்துக்குள்ளேயே தங்கிவிடும். இது எச்சத் தகைவு. மேசை மேல் சும்மா இருக்கும் பாத்திரம்கூட உள்ளுக்குள் முறுக்கிக்கொண்டுதான் இருக்கும்.

குதிரை லாயத்துத் தோட்டாக்கள்

இந்த மூன்றும் சேர்ந்ததற்குப் பழைய உதாரணம் நம் நாட்டிலேயே நடந்தது. 19ஆம் நூற்றாண்டில் இந்தியாவில் இருந்த பிரிட்டிஷ் படை, மழைக்காலத்தில் நடமாட்டம் குறையும்போது தோட்டாக்களைக் குதிரை லாயங்களில் வைத்துவிடும். மழை ஓய்ந்து எடுத்துப் பார்த்தால் பித்தளை உறைகள் வெடித்திருக்கும். குண்டைப் பிடித்துக்கொள்ள உறையின் கழுத்தை நெருக்கியிருப்பார்களே, அந்த இடத்தில். பருவம் தவறாமல் வந்ததால் பருவ விரிசல் என்றே பெயர் வைத்துவிட்டார்கள்.

காரணம் தெளிவாக எழுதப்பட்டது 1921இல்தான். மூர், பெக்கின்சேல், மாலின்சன் என்ற மூவர் விளக்கினார்கள். குதிரை மூத்திரத்திலிருந்து எழும் அம்மோனியா, மழைக்கால ஈரம், உறையைத் தட்டி உருவாக்கியபோது உள்ளே தங்கிய எச்சத் தகைவு. பித்தளை, அம்மோனியா, இழுப்பு மூன்றும் ஒரே கொட்டகையில்! தீர்வு எளிமையானது. உறைகளை மிதமாகச் சூடேற்றி ஆறவிட்டால் உள்முறுக்கு தளர்ந்துவிடும். குதிரையை விரட்ட வேண்டியதில்லை.

இதுவரை பார்த்தது: விரிசலுக்கு நிறையக் கரைய வேண்டாம், நுனியில் கரைந்தால் போதும். உலோகம், அதற்கு ஆகாத சூழல், இழுக்கும் தகைவு மூன்றும் கூட வேண்டும். தகைவு வெளிச்சுமையாக இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை.

நுனியில் என்ன நடக்கிறது

பல உலோகங்கள் தம் மேல் தாமே ஒரு மெல்லிய படலம் போர்த்திக்கொள்கின்றன. ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் துருப்பிடிக்காமல் இருப்பது அதிலுள்ள குரோமியம் காற்றோடு சேர்ந்து போடும் அந்தப் படலத்தால்தான். பாலில் ஏடு படிவது மாதிரி, எடுத்தால் மறுபடி படியும்.

விரிசலின் நுனியில் உலோகம் இழுபட்டுக்கொண்டே இருப்பதால் அங்கே மட்டும் படலம் கிழிகிறது. கிழிந்த இடத்தில் போர்வையில்லாத வெறும் உலோகம் கரைகிறது. பக்கச் சுவர்களில் படலம் பத்திரமாக இருப்பதால் அங்கே கரைவதில்லை. ஆக, விரிசல் அகலமாவதில்லை, ஆழமாகிறது. நுனி முன்னேற முன்னேற அங்கே விசை இன்னும் குவிகிறது, படலம் மறுபடி கிழிகிறது. வெளியிலிருந்து பார்த்தால் முடி மாதிரி ஒரு கோடு, அதுவும் தெரிந்தால் உண்டு.

அமெரிக்காவில் ஓஹியோ ஆற்றின் மேல் 1928இல் கட்டிய சில்வர் பிரிட்ஜ் என்ற தொங்குபாலம் இப்படித்தான் போனது. கம்பிவடத்துக்குப் பதில், முனையில் துளையுள்ள நீண்ட எஃகுப் பட்டைகளைச் சங்கிலியாகக் கோத்துத் தொங்கவிட்ட பாலம் அது. ஒரு பட்டையின் துளைக்குள், பிரித்தால் ஒழிய யார் கண்ணிலும் படாத இடத்தில், சுமார் இரண்டரை மில்லிமீட்டர் ஆழத்துக்கு ஒரு விரிசல் வளர்ந்திருந்தது. 1967 டிசம்பர் 15 மாலை, வண்டிகள் நெருக்கியடித்து நின்ற நேரத்தில் பட்டை அறுந்து பாலமே ஆற்றில் விழுந்தது. 46 பேர் இறந்தார்கள். அமெரிக்கா முழுவதும் பாலங்களைக் குறித்த காலத்தில் சோதிக்கும் முறை அதற்குப் பிறகுதான் சட்டமானது.

"ஸ்டெயின்லெஸ்தானே, ஒன்றும் ஆகாது"

ஆகும். சுவிட்சர்லாந்தில் ஊஸ்டர் என்ற ஊரில் ஓர் உள்ளரங்க நீச்சல்குளம். கான்கிரீட் உள்கூரையை ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கம்பிகளில் தொங்கவிட்டிருந்தார்கள். குளத்துத் தண்ணீரிலிருந்து கிளம்பிய குளோரின் கலந்த ஆவி மேலே போய்க் கம்பிகளில் படிந்து, காய்ந்து, மறுபடி படிந்தது. கழுவிவிட அங்கே யாரும் ஏறப்போவதில்லை. 1985 மே 9 அன்று கூரை இறங்கி 12 பேர் இறந்தார்கள். துரு பிடிக்காது என்று நம்பித் தேர்ந்தெடுத்த உலோகம், துரு பிடிக்காமலேயே அறுந்தது.

நம் பக்கம் இதன் வீட்டு வடிவம் மொட்டைமாடியில் இருக்கிறது. உப்புப் போர் தண்ணீர் ஊற்றி ஓடும் சோலார் வாட்டர் ஹீட்டர். சித்தப்பா வீட்டில் ஸ்டெயின்லெஸ் தொட்டி ஒழுக ஆரம்பித்தபோது வந்த மெக்கானிக் மேலுறையைக் கழற்றினார். வெல்டிங் கோட்டை ஒட்டி நகத்தால் கீறியது போல நாலைந்து கோடுகள், ஒவ்வொன்றின் ஓரத்திலும் பழுப்பாக ஒரு கசிவு, மற்ற இடமெல்லாம் கண்ணாடி மாதிரி. வெல்டிங் எச்சத் தகைவைக் கொடுத்தது, தண்ணீர் குளோரைடைக் கொடுத்தது, வெயில் சூட்டைக் கொடுத்தது. வீடுகளில் புழங்கும் 304 ரக ஸ்டெயின்லெஸ்ஸில் தண்ணீரின் சூடு சுமார் 60 டிகிரி செல்சியஸைத் தாண்டும்போது இந்த ஆபத்து நன்றாகவே கூடுகிறது. "அதே தொட்டியில் பச்சைத்தண்ணி பிடிச்சா பல வருஷம் ஓடும் சார்" என்றார் மெக்கானிக். புத்தகம் சொல்வதும் ஏறக்குறைய அதுதான்.

ஒரு வேடிக்கை: தண்ணீரைச் சேர்ப்பதே மருந்தாகும் இடமும் உண்டு. திரவ அம்மோனியாவைச் சேமிக்கும் எஃகுத் தொட்டிகளில் விரிசல் வராமலிருக்க வேண்டுமென்றே 0.2 சதவீதம் தண்ணீர் கலக்கிறார்கள். ஈரம் என்றாலே கெடுதல் என்ற கணக்கு இங்கே உதவாது.

இனி ஹைட்ரஜன்

போல்ட்டுக்கு வருவோம். அதில் உப்பும் இல்லை, அம்மோனியாவும் இல்லை. கெடுத்த பொருள் ஏற்கெனவே உள்ளே இருந்தது.

உலோகம் என்பது அணுக்கள் ஒழுங்காக அடுக்கிய அடுக்கு. ஒரு செம்பு நிறையக் கோலிக்குண்டு போட்டு அதன் மேல் ஒரு பிடி கடுகைக் கொட்டிக் குலுக்குங்கள். கடுகு இடுக்குகளில் இறங்கி அடி வரை போய்விடும். இரும்புக்குள் ஹைட்ரஜன் அணு அப்படித்தான் நடமாடுகிறது. அணுக்களிலேயே மிகச் சிறியது அது. அறை வெப்பத்திலேயே திடமான எஃகுக்குள் ஊர்ந்து போகும்.

ஆனால் தனி அணுவாக இருந்தால்தான். நாம் பள்ளியில் படித்த ஹைட்ரஜன் வாயு இரண்டிரண்டு அணுவாகச் சேர்ந்த மூலக்கூறு. நெரிசலான பஸ்ஸில் தனி ஆள் இடுக்கில் நுழைந்து முன்னே போய்விடலாம்; ஜோடியாகக் கைகோத்துக்கொண்டு போக முடியாது. இந்த வித்தியாசம் மனதில் இருந்தால் மீதி எல்லாம் எளிது.

உள்ளே போன அணுக்கள், எங்கே உலோகம் இழுபட்டு இடுக்குகள் விரிந்திருக்கின்றனவோ அங்கே போய்ச் சேர்கின்றன, மழைத்தண்ணீர் பள்ளத்தில் சேர்வது மாதிரி. விரிந்த இடம் எது? விரிசலின் நுனி, போல்ட் தலையின் கழுத்து, மரையின் பள்ளம். போதுமான அளவு சேர்ந்ததும் அந்த இடத்தில் எஃகு வளையும் குணத்தை இழந்து பீங்கான் மாதிரி விட்டுப்போகிறது. இதுதான் ஹைட்ரஜன் நொறுங்கல். அணுக்களுக்கு இடையிலான பிடிப்பை ஹைட்ரஜன் தளர்த்துகிறது என்பது ஒரு விளக்கம். மிகக் குறுகிய இடத்தில் மட்டும் உலோகத்தை வழுக்க வைத்துக் கிழிக்கிறது என்பது இன்னொன்று. எந்த எஃகில் எது முந்துகிறது என்ற வாதம் இன்னும் ஓயவில்லை. நமக்கு அது இப்போது வேண்டாம்.

அணுக்கள் ஊர்ந்து வந்து சேர நேரம் பிடிக்கும். இறுக்கும்போது போல்ட் தாங்கியதும், ஆளில்லாத இரவில் உடைந்ததும் இதனால்தான். மட்டமான சரக்கோ அளவு மீறிய இறுக்கலோ பெரும்பாலும் ரெஞ்ச் கையில் இருக்கும்போதே காட்டிக்கொடுத்துவிடும். இறுக்கிச் சில மணி நேரமோ சில நாளோ கழித்து, சுமை மாறாமல் இருக்கும்போது உடைந்தால் முதல் சந்தேகம் ஹைட்ரஜன் மேல் வர வேண்டும்.

இதை முதலில் விரிவாக எழுதியவர் டபிள்யூ. எச். ஜான்சன், 1875இல். இரும்புக் கம்பியைச் சில நிமிடம் அமிலத்தில் போட்டு எடுத்தார். முன்பு நன்றாக வளைந்த கம்பி இப்போது பட்டென்று முறிந்தது. முறிந்த முகத்தை ஈரமாக்கினால் அதிலிருந்து நுரை நுரையாகக் குமிழி வந்தது! ஹைட்ரஜன் வெளியேறுகிறது. அதே கம்பியைச் சும்மா விட்டு வைத்தால் கொஞ்ச நாளில் பழைய குணம் திரும்பியது, சூடாக்கினால் இன்னும் சீக்கிரம். விரிசல் விழுவதற்கு முன் ஹைட்ரஜனை வெளியேற்றிவிட்டால் எஃகு பிழைத்துக்கொள்ளும் என்பது அன்றே தெரிந்துவிட்டது.

சுருக்கமாக: தனி அணு உள்ளே நுழையும், ஜோடி நுழையாது. நுழைந்தது இழுபடும் இடத்தில் சேரும், சேர நேரமெடுக்கும், அதனால் உடைவது தாமதமாகும்.

எந்த வழியாக உள்ளே வருகிறது

ஹைட்ரஜன் நொறுங்கல் என்றதும் பலர் ஹைட்ரஜன் வாயு அடைத்த சிலிண்டரைத்தான் நினைக்கிறார்கள். நடைமுறையில் வழி வேறு. பூச்சுக்கு முன் போல்ட்டை அமிலத்தொட்டியில் முக்கிச் சுத்தம் செய்கிறார்கள், அங்கே கொஞ்சம். மின்சாரம் பாய்ச்சித் துத்தநாகம் படியவைக்கும்போது கூடவே ஹைட்ரஜனும் உருவாகிறது, அங்கே நிறைய. கடைசியில் மேலே படிந்த துத்தநாகம் மூடி மாதிரி அடைத்துக்கொள்வதால் உள்ளே போனது எளிதில் வெளியே வராது.

வெல்டிங்கில் வழி ஈரம். நமத்துப்போன அப்பளம் பொரியாது. நமத்துப்போன வெல்டிங் ராட் எரியும், அதுதான் சிக்கல். ராட்டின் மேல்பூச்சில் ஏறிய ஈரம் ஆர்க்கின் சூட்டில் பிரிந்து ஹைட்ரஜனாக உருகிய உலோகத்துக்குள் போய்விடும். 7018 என்ற ரக வெல்டிங் ராட்டை 300 டிகிரிக்கு மேல் சுட்டு, பிறகு சூடு ஆறாத ஓவனில் வைத்து ஒவ்வொன்றாக எடுப்பது இதற்காகத்தான். முக்கியமான வேலைகளில் வெல்டிங் முடிந்து 48 மணி நேரம் கழித்துத்தான் சோதனைக்கு விடுவார்கள். அதற்கு முன் பார்த்தால் விரிசல் இன்னும் பிறந்தே இருக்காது. "அதான் வெல்டு போட்டாச்சே, இன்னும் ஏன் காத்திருக்கச் சொல்றாங்க" என்று அலுத்துக்கொள்பவர்களுக்குப் பதில் இது.

மூன்றாவது வழி எண்ணெய்க் கிணறு. அழுகிய முட்டை நாற்றமடிக்கும் ஹைட்ரஜன் சல்பைடு ஈரத்தோடு சேர்ந்து எஃகை அரிக்கும்போது அதன் மேல் ஹைட்ரஜன் அணுக்கள் உருவாகின்றன. வழக்கமாக அவை ஜோடி சேர்ந்து வாயுவாகப் பறந்துவிடும். சல்பைடு அந்த ஜோடி சேர்வதையே தடுக்கிறது. தனித்து நிற்கும் அணுக்கள் வேறு வழியின்றி உள்ளே இறங்குகின்றன. கஜகஸ்தானின் கஷகன் எண்ணெய் வயலில் 2013 செப்டம்பரில் உற்பத்தி தொடங்கிய சில வாரங்களிலேயே குழாய்களில் இப்படி விரிசல் கண்டு நிறுத்த வேண்டியதாயிற்று. குழாய்களை மாற்றி மறுபடி ஓடியது 2016இல்.

பலம் கூடினால் பயமும் கூடும்

"உடைஞ்சா இன்னும் ஸ்ட்ராங்கான போல்ட் போடு" என்பது நம் வழக்கம். இங்கே அது தலைகீழ். எஃகு எவ்வளவு கடினமாக இருக்கிறதோ அவ்வளவு எளிதில் ஹைட்ரஜனுக்கு விழும். போல்ட் தலையில் 8.8, 10.9, 12.9 என்று பொறித்திருக்கும். முதல் எண்ணை 100ஆல் பெருக்கினால் அது சதுர மில்லிமீட்டருக்கு எத்தனை நியூட்டன் தாங்கும் என்று கிடைக்கும். 8.8 சாதாரணமாகப் பயமில்லை. 12.9 என்றால் சுமார் 1,200. அதற்கு மின்பூச்சுப் போடுவது நெருப்போடு விளையாடுவது.

சான் ஃபிரான்சிஸ்கோவில் பே பிரிட்ஜின் புதிய கிழக்குப் பகுதியில் நடந்தது இதற்குப் பெரிய சாட்சி. மூன்று அங்குலம் தடிமனான, கடினமான எஃகு நங்கூரக் கம்பிகள் 96. துத்தநாகம் பூசி 2008இல் பொருத்தினார்கள். இறுக்காமல் விட்ட ஐந்து வருடத்தில் அவை நின்ற குழிகளில் மழைத்தண்ணீர் தேங்கியது. 2013 மார்ச்சில் இறுக்கினார்கள். இரண்டே வாரத்தில் 32 கம்பிகள் பட்பட்டென்று அறுந்தன. வண்டி ஒன்றுகூட இன்னும் ஓடவில்லை. அறுந்தவற்றைக் கழற்றி மாற்ற இடமில்லாததால், மேலே ஓர் எஃகுச் சேணம் மாதிரி அமைத்துப் பிடித்து நிறுத்தினார்கள்.

இதைக் கேட்டுவிட்டு "அப்போ ஹைட்ரஜனைக் குழாயில் அனுப்பினால் எல்லாம் நொறுங்கிவிடும்" என்று பேசுபவர்களும் உண்டு. அதுவும் அவசர முடிவு. ஜெர்மனியின் ரூர் தொழிற்பகுதியில் 1938 முதலே ஹைட்ரஜன் குழாய் ஓடிக்கொண்டிருக்கிறது. சாதாரணப் பலமுள்ள எஃகு, மிதமான அழுத்தம், வாயுவாக இருப்பது ஜோடி மூலக்கூறு. அழுத்தத்தையும் எஃகின் பலத்தையும் ஏற்றினால், அல்லது தினமும் அழுத்தத்தை ஏற்றி இறக்கினால், கணக்கு மாறும். குழாய்க்குக் குழாய் பார்க்க வேண்டிய விஷயம்.

அந்த ஆறு போல்ட்

விசாரித்ததில் கதை இப்படி. 12.9 போல்ட் கடையிலிருந்து வரும்போது கருப்பாகத்தான் வரும். மழைக்காலத்தில் துரு பிடிக்குமே என்று யாரோ யோசித்து, அந்த ஆறையும் ஒரு பிளேட்டிங் பட்டறையில் கொடுத்துத் துத்தநாகம் போட்டு வாங்கியிருக்கிறார்கள். பூச்சு முடிந்த சில மணி நேரத்துக்குள் சுமார் 200 டிகிரியில் பல மணி நேரம் ஓவனில் வைத்திருந்தால் ஹைட்ரஜன் பெரும்பாலும் வெளியேறியிருக்கும். இவர்களும் கேட்கவில்லை, அவர்களும் செய்யவில்லை. பில்லில் பூச்சுக்கு மட்டும்தான் காசு.

உடையாமல் நின்ற நாலையும் கழற்றச் சொன்னேன். "நல்லாத்தானே இருக்கு?" என்றார் சூப்பர்வைசர். கழற்றும்போது மூன்றாவது போல்ட்டின் தலை ரெஞ்சோடு கையில் வந்தது. இப்போது அங்கே கருப்பு போல்ட்தான், மேலே கொஞ்சம் கிரீஸ்.